பூங்காவில் உட்காரச் சொன்னார்கள்

அந்தப் படத்தைத் திரையில் போட்டபோது அது நான் என்று எனக்கே தெரியவில்லை. காய்ந்த புல்லுக்கு நடுவே பெஞ்சில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில். பக்கத்தில் ஒரு துடைப்பம் சாய்ந்து நின்றது. அதன் கழியில் பச்சை ரிப்பன் சுற்றியிருந்தது. ரிப்பனைப் பார்த்ததும்தான் தெரிந்தது. அது என் துடைப்பம். உட்கார்ந்திருப்பது நான்.

தூக்கிவாரிப் போட்டது. இப்போது நினைத்தாலும் அப்படித்தான் ஆகிறது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

நான் இருப்பது பெரும்பாக்கத்தில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த அடுக்கு வீட்டில். அதற்கு முன்னால் சென்னைக்குள் ஆற்றோரம் இருந்தோம். இங்கே கொண்டுவந்து விட்ட பிறகு வேலை தேடி அலைந்தேன். கிழக்குத் தாம்பரம் பக்கம் ஒரு காலனிப் பூங்காவில் கிடைத்தது. பூங்கா மாநகராட்சியுடையது. பராமரிப்பை ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டிருந்தார்கள். அவருக்குக் கீழே அங்கே நான் ஒருத்திதான். பெருக்குவது, தண்ணீர் விடுவது, வேலிச்செடி வெட்டுவது, கேட்டைத் திறந்து பூட்டுவது எல்லாம் நானே.

பெரிய பூங்கா இல்லை. சுற்றிலும் நடக்கக் கல் பாதை. நடுவில் புல். புங்க மரங்கள், செம்பருத்தி, இட்லிப்பூச் செடிகள். மூலையில் ஒரு நந்தியாவட்டை. அதை நான் வைத்தேன்.

ஒரு கோடையில் மோட்டார் எரிந்துபோனது. காண்ட்ராக்டரிடம் சொன்னேன். "பாக்கலாம்மா" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் பாக்கலாம். வெயில் ஏறிக்கொண்டே போனது. செடிக்கு அதெல்லாம் தெரியுமா? தெருமுனை அப்பார்ட்மென்ட்டில் லாரித் தண்ணீர் இறக்குவார்கள். வாட்ச்மேனைக் கேட்டுக்கொண்டு அங்கிருந்து குடத்தில் தூக்கிவந்து ஊற்றினேன். தோள்பட்டை போய்விட்டது. புல் மட்டும் பச்சையாக இருந்தது.

காலை நடைக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்தார்கள். அதில் மூன்று பேரைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் காலனிச் சங்கத்தின் செயலாளர். பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். என் ரேஷன் கார்டைப் பெரும்பாக்கத்துக்கு மாற்ற முடியாமல் நான் திண்டாடியபோது, தன் ஸ்கூட்டரில் போய் ஆபீஸில் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்ல மாட்டோம். "நம்ப சார்" என்றுதான் சொல்வோம்.

இன்னொருவர் டீச்சர். ஓய்வு பெற்றவர். எனக்கு இட்லி கொண்டுவருவார்.

மூன்றாமவரை நான் குல்லா சார் என்று மனசுக்குள் கூப்பிடுவேன். சித்திரை வெயிலிலும் மங்கி குல்லா போட்டுத்தான் நடப்பார். சங்கத்தில் சேராதவர். என்னைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"ஏம்மா, நான் வர்ற நேரம் பாத்துதான் பெருக்குவியா? தூசி பூரா என் மூஞ்சில."

"மூஞ்சி எங்க சார் தெரியுது? குல்லாதான் தெரியுது."

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது உனக்கு."

தினமும் இப்படித்தான்.

நான் குடம் தூக்குவதைப் பார்த்துச் செயலாளர் கொதித்துப்போனார். "இந்தக் காண்ட்ராக்டரை மாத்தணும். புது டெண்டர் விடணும். மோட்டார், ஹோஸ், துணைக்கு இன்னொரு ஆள், எல்லாம் அதுல சேர்க்கச் சொல்லணும்" என்றார்.

"உங்களுக்காகத்தாம்மா இவ்வளவும்" என்றார் டீச்சர்.

மனு கொடுத்தார்கள். மாநகராட்சியில் இருந்து இன்ஜினியர் வந்தார். சின்ன வயசுக்காரர். ஒரு சுற்று சுற்றினார். என்னைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்தார்.

"பார்க் நல்லாத்தானே சார் இருக்கு? பச்சையா இருக்கு. இதைக் காட்டி நான் எப்படி ஒரு காண்ட்ராக்டைக் கேன்சல் பண்றது?"

"அந்தம்மா குடத்துல தூக்கி ஊத்தறாங்க சார்" என்றார் டீச்சர்.

"யார் ஊத்தினா என்ன மேடம்? காய்ஞ்சிருந்தா காய்ஞ்சிருக்குன்னு எழுதலாம். காயலையே."

பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரு ரெண்டு வாரம் எதுவும் செய்யாதீங்க. தண்ணி வேணாம், பெருக்க வேணாம். காயட்டும். நாங்க போட்டோ எடுத்து அனுப்பறோம்."

"அப்போ வூட்லயே இருந்துடவா சார்?"

"ஐயோ, வேணாம். நீங்க வரலேன்னா காண்ட்ராக்டர் உங்க மேல பழியைப் போட்டுடுவான். வாங்க. வந்து உக்காருங்க. அவ்வளவுதான். யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

வீட்டில் மகளிடம் மட்டும் சொன்னேன். அவள் கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறாள்.

"சும்மா ஒக்கார்றதுக்கு சம்பளமா? எங்க ஆபீஸ்லயும் இப்டி எதுனா சொல்லுவாங்களான்னு கேளேன்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இதுல உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?"

"நம்ப சாரு சொல்றாரு."

"அவரு சொன்னா சரிதான்."

உட்கார்ந்தேன்.

உட்காருவது அவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. புங்க இலை காலடியில் வந்து விழும். கை தானாகத் துடைப்பத்துக்குப் போகும். இழுத்து மடியில் வைத்துக்கொள்வேன். முதலில் புல்லின் நுனி வெளுத்தது. அப்புறம் அங்கங்கே மஞ்சள் திட்டு. இட்லிப்பூ இலை சுருண்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குல்லா சாருக்கு விஷயம் தெரியாது.

"என்னம்மா, ரிட்டயர் ஆயிட்டியா?"

"ஆமா சார்."

"செடி காயுதே, கண்ணு தெரியலியா?"

"தெரியுது சார்."

அடுத்த நாள் அவரே ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். செம்பருத்திக்கு ஊற்றினார். ஊற்றும்போது செடியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் முறைத்தார். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் திட்டாத காலை எனக்கு என்னவோ போல் இருந்தது.

நான் குடித்த மிச்சத் தண்ணீரை நந்தியாவட்டைக்கு ஊற்றிவந்தேன். அது ஒன்றை விட மனசு வரவில்லை. போட்டோ எடுக்க வந்த அன்று செயலாளர் அதைக் கவனித்துவிட்டார்.

"அது மட்டும் ஏன் பச்சையா இருக்கு?"

நான் தண்ணீர் பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.

"சரி விடுங்க. இந்தப் பக்கம் திரும்பி எடுத்துக்கறேன்" என்று போனை பெஞ்சுப் பக்கம் திருப்பினார்.

"நான் எந்திரிச்சிக்கவா சார்?"

"வேணாம், வேணாம். அப்படியே இருங்க."

அப்படியே இருந்தேன்.

அவர்கள் நினைத்தது நடந்தது. பழைய காண்ட்ராக்ட் ரத்து என்றார்கள். புது டெண்டர் விட்டார்கள். அது முடியும்வரை நான் மறுபடி குடம் தூக்கினேன். புல்லில் பாதி திரும்ப வரவில்லை. பரவாயில்லை, மோட்டார் வந்தால் புதுசாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் டீச்சர் ஓடிவந்தார். "வார்டு ஆபீஸ்ல மீட்டிங். காண்ட்ராக்ட் யாருக்குன்னு சொல்லப்போறாங்க. நீங்களும் வரணும். உங்க விஷயம்தானே."

நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். கடைசி வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். முன் வரிசையில் செயலாளரும் டீச்சரும் அடுத்தடுத்து இருந்தார்கள். நடு வரிசையில் குல்லா சார். கவுன்சிலர் மேடையில். அந்த இன்ஜினியர் லேப்டாப்பை வைத்துக்கொண்டு திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். புது காண்ட்ராக்டர் ஓரமாக வெள்ளைச் சட்டையில் நின்றார். மோட்டார் மாற்றுவார் என்றார்கள். ஹோஸ் வரும் என்றார்கள். இரண்டு ஆள் போடுவார் என்றார்கள். டீச்சர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது.

"பழைய ஆளுங்க யாரையும் தொடர்ந்து வைக்கக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டிருக்கோம்" என்றார் இன்ஜினியர். "பப்ளிக் கம்ப்ளெயின்ட்டே அதுதான். பாருங்க, சுத்தி எல்லாம் காய்ஞ்சி கெடக்குது. டியூட்டி நேரத்துல இவங்க ஹாயா உக்காந்திருக்காங்க."

சிலர் சிரித்தார்கள்.

எழுந்திருக்கவும் தோன்றவில்லை, பேசவும் தோன்றவில்லை. திரையில் உட்கார்ந்திருந்த மாதிரியே நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தேன். கை மடியில்தான் இருந்தது.

டீச்சர் எழுந்தார். "சார், அது அப்படி இல்ல, அந்தம்மா..." செயலாளர் அவர் புடவைத் தலைப்பு அருகே கையை நீட்டி மெல்லச் சொன்னார். மெல்லச் சொன்னாலும் அந்தச் சின்ன ரூமில் எனக்குக் கேட்டது. "இப்ப இதைக் கிளறினா டெண்டரே கேன்சல் ஆயிடும் மேடம். அப்புறம் பேசிக்கலாம்." டீச்சர் நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

குல்லா சார் எழுந்தார். இன்ஜினியரிடம் பேசவில்லை. நேரே என்னிடம் திரும்பினார்.

"ஏம்மா, எனக்கு இன்னிக்கித் தெரிஞ்சாகணும். நீ உக்கார்ற ஆளே கிடையாது. தூசி கெளப்பறதுக்குன்னே பொறந்தவ. அந்த ரெண்டு வாரம் ஏன் உக்காந்தே?"

எல்லாரும் திரும்பினார்கள்.

"ஒக்கார சொன்னாங்க சார்."

"யாரு?"

"செயலாளர் சாரு."

கவுன்சிலர் செயலாளரைப் பார்த்தார். இன்ஜினியரும் பார்த்தார். எனக்கு ஒரு பயமும் இல்லை. அவர் எழுந்து, ஆமாம், நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடுவார். அவ்வளவுதானே என்று இருந்தேன்.

அவர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தோள்வலின்னாங்க. ரெஸ்ட் எடுத்துக்கோங்கன்னு சொன்னேன் சார். அவங்க அதைத் தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்கபோல" என்றார்.

ரூமே மூச்சு விட்டது. இன்ஜினியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரெஸ்ட்டுன்னா இப்படி ரெண்டு வாரமாம்மா?" மறுபடி சிரிப்பு. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

பொய் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது ஒன்றும் புதிது இல்லை. ஆனால் ரேஷன் ஆபீஸில் எனக்காக உட்கார்ந்த மனிதர் அவர். அதே குரல்தான். குரல் கொஞ்சம்கூட மாறவில்லை.

கவுன்சிலர் புது காண்ட்ராக்டருக்குச் சால்வை போட்டார். காலனிக்காகப் போராடினார் என்று செயலாளருக்கும் ஒன்று போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

வெளியே வந்ததும் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பரவால்ல டீச்சர்" என்றேன். வேறு என்ன சொல்வது? செயலாளர் கவுன்சிலரோடு பேசிக்கொண்டே காரில் ஏறிவிட்டார்.

டீக்கடை அருகே குல்லா சார் புது காண்ட்ராக்டரை மடக்கி வைத்திருந்தார். கை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். காண்ட்ராக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், அந்த பார்க்ல வைக்க முடியாது. ஆர்டர்லயே இருக்கு. மேடவாக்கம் ரோடு நடுவுல செடி வச்சிருக்காங்க, அதுவும் என்கிட்டதான். தண்ணி ஊத்த ஆள் வேணும். அங்க வரட்டும்."

குல்லா சார் என்னிடம் வந்தார். வேர்த்துப்போயிருந்தது. அன்றைக்குத்தான் அவர் குல்லாவைக் கழற்றி நான் பார்த்தேன். தலை மொட்டை.

"நாளைலேந்து அங்க போ. அங்கயாவது உக்காராத."

"அங்க பெஞ்சே இல்லயாம் சார்."

"வாயைப் பாரு" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து, என்னிடம் மிச்சமிருந்த கேட் சாவியைக் கொடுக்கப் போனேன். புது ஆட்கள் இரண்டு பெண்கள். நல்ல பிள்ளைகள். மோட்டார் வந்திருந்தது. போட்டுக் காட்டினார்கள். ஹோஸில் தண்ணீர் சீறிக்கொண்டு போய்ப் புங்க மரத்தின் அடியில் விழுந்தது. அந்தப் பூங்காவில் அப்படித் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. மூலையில் நந்தியாவட்டை இருக்கிறது, விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது மேடவாக்கம் ரோட்டில் வேலை. தண்ணீர் லாரி மெல்ல ஊர்ந்துகொண்டே போகும். நான் நடுத்திட்டில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். அரளிச் செடிகள். புகையில் இலையெல்லாம் கறுத்திருக்கும். தண்ணீர் பட்டதும் பச்சை தெரியும்.

ஒரு நாள் சிக்னலில் ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றது. செயலாளர். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"கீறேன் சார்."

"மக நல்லா இருக்காளா?"

"நல்லா கீறா சார்."

"பார்க் இப்ப சூப்பரா ஆயிடுச்சிம்மா. புல்லெல்லாம் புதுசு. பெஞ்சுக்குப் பெயின்ட் அடிச்சிட்டாங்க. ஒரு நாள் வாங்க. வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை, கூச்சமும் இல்லை. அன்பாகத்தான் கூப்பிட்டார். வார்டு ஆபீஸில் தூக்கிவாரிப் போட்டதைவிட இது அதிகமாகத் தூக்கிவாரிப் போட்டது. ஹோஸ் கையிலிருந்து நழுவி என் காலையெல்லாம் நனைத்தது.

"லாரி நவுருது சார்" என்றேன்.

ஹோஸை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்கு நடந்தேன்.