சாக்கரின் போட்ட காப்பி

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். அதனால் போடியில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. உட்கார்ந்தே இருந்ததில் உடம்பு பெருத்து, மலைத் தோட்டத்துக்கு ஏறினால் மூச்சு முட்டியது. காலைக் கஞ்சியை விட்டுக் காப்பி மட்டும் குடித்தால் உடம்பு வற்றும் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். கருப்பட்டியையும் நிறுத்தி, மதுரையிலிருந்து வரவழைத்த சாக்கரின் என்ற இனிப்பு வில்லையைப் போட்டுக் குடித்தேன். மதியம்தான் சோறு. இடுப்பில் வேட்டி தளர்ந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒருநாள், என் மனைவி கிணற்றடியில் மயங்கி விழுந்துவிட்டதாகக் கிட்டங்கிக்கு ஆள் வந்து சொன்னார். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஓடினேன். பக்கத்து வீட்டு அத்தை அவளை மடியில் சாய்த்து நீராகாரம் புகட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைத்தாச்சிய இப்படிக் காயப் போட்டுட்டியே மாப்ளே. படிச்ச மனுசன் செய்யிற சோலியா இது?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "காலையில கஞ்சி குடிக்கலையா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நீங்க வெறும் காப்பித்தண்ணியோட போறீக. உங்களுக்கு முந்தி நான் எப்படிக் குடிக்கிறது?"

புருஷன் உண்ட பிறகே பெண்டாட்டி உண்ணும் வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. அதை நான் யோசிக்கவே இல்லை. மருத்துவச்சி வந்து, பிள்ளைக்குப் பழுதில்லை என்ற பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

உடம்பைக் குறைக்க இப்போது சாயங்காலம் பக்கத்து ஊரான சிலமலை வரை நடக்கிறேன். காலையில் இரண்டு கும்பாவில் கஞ்சி ஊற்றி, ஒன்றை அவளிடம் நீட்டுகிறேன். அவள் குடிக்கத் தொடங்கும்வரை என்னுடையதை நான் தொடுவதில்லை. வெட்கப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் குடிக்கிறாள். குடிக்கிறாளே, அது போதும்.