ஓரகத்தி வீட்டுத் துண்டு

அம்மா ஏற்றுமதித் துண்டு ஆலையில் செக்கர். கடைசி மேசை அவளுடையது. மூலையில் ஒரு தையல் விட்டிருந்தாலும் துண்டைத் தள்ளிவிடுவாள். தேறியவை கப்பல் ஏறும், உள்ளூரில் விற்பதில்லை. அவற்றில் ஒன்று தனக்கு வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியதே இல்லை, பெரியம்மா வீட்டு நாற்காலியில் ஒன்று தொங்குவதைப் பார்க்கும் வரை.

பெரியம்மா அம்மாவுக்கு ஓரகத்தி. துண்டு, அவள் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. அம்மா ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“அக்கா, இது எங்க ஆலையில தைச்சது.”

“இருக்கட்டும். உனக்கு ஒண்ணு குடுத்தாங்களா?”

அன்று சமையலில் உப்பு இரண்டு முறை விழுந்தது.

“எனக்கும் ஒண்ணு வரவழைடா.”

நான் மின்கருவிகள் பழுதுபார்ப்பவன். வீண் சுற்று எனக்கு ஆகாது. “அதே நூல், அதே மெஷின். இங்கேருந்து போயிட்டு இங்கேயே வரணுமா?”

“போயிட்டு வந்ததுதான் வேணும்.”

ஆன்லைனில் வரவழைத்தேன். பிரித்ததும் உள்ளங்கையில் எடை பார்த்தாள், நான்கு மூலையையும் தடவினாள், தேற்றினாள். பிறகு தலைக்குக் குளித்தாள். துண்டைத் தோளில் விரித்துக்கொண்டு, சாக்குக்கு ஒரு கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு நடந்தாள். கூடப் போனேன். தலை சொட்டியது, துண்டில் ஈரம் படவிடவில்லை.

பெரியம்மா பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே மெல்லிய கைத்தறித் துண்டுகள். நாங்கள் தினமும் துவட்டுபவை.

“யாருக்குக்கா?”

“மருமக கேட்டா. தடித் துண்டை இப்ப அங்க யாரும் சீண்டறதில்லையாம். இதுதான் வேணுமாம்.” நிமிர்ந்து பார்த்தாள். “என்னடி, தலை சொட்டுது? தோள்லதான் துண்டு கிடக்குதே.”

அம்மா வீடு திரும்பினாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: “நாமளும் மெல்லிசுத் துண்டு வாங்கி அனுப்பணும்.”

“யாருக்கு?”

எங்களுக்கென்று அங்கே யாரும் இல்லை.

“நீ ஏன்டா எங்கயும் போகல?”

“உன்னை விட்டுட்டா?”

“ஆமா, அதையும் சொல்லிக்காட்டு.”

போன மாதம் அம்மா ஆலையில் அந்தக் கடைசி மேசையிலேயே சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரி சேரும் முன்பே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடியும்வரை பெரியம்மா எங்கள் வீட்டில் இருந்தாள். வெளிநாட்டிலிருந்து அவள் மகன், என் அண்ணன், போன் செய்தான். துக்கம் விசாரிக்கத்தான். அவனைப் பேசவிடாமல் பெரியம்மா கேட்டாள்: “சாப்பிட்டியாடா?” அவன் என்ன சொன்னானோ, “இன்னுமா சாப்பிடல? முதல்ல போய்ச் சாப்பிடு” என்று அதட்டினாள்.

அவன் வேலை, வீடு, கார் எதைக் கேள்விப்பட்டும் எனக்குப் பொறாமை வந்ததில்லை. அந்த அதட்டலைக் கேட்டதும் வந்தது. பெரியம்மா போனை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.