உப்புக் காற்றும் என் காரின் கண்ணாடியும்

தூத்துக்குடியில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் நான் டாக்டராகச் சேர்ந்தபோது இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கென்று பழைய கார் ஒன்று இருந்தது. அதன் டிரைவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்; வேறு ஆள் கிடைக்கவில்லை. வலி எடுத்தவள் டிரைவர் வரும்வரை காத்திருக்க மாட்டாள் என்பதால் நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நான் கடைத்தெரு வழியாகப் போனால், தராசு பிடித்த கையோடு ஆட்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள்.

காலையில் ஒரு தொந்தரவும் இல்லை. சாயங்காலம்தான் வினை. மேற்கே பார்த்து ஓட்டும்போது, வெயில் பட்டதுமே முன்கண்ணாடி முழுக்கப் பால் கொட்டியதுபோல் வெளுத்துவிடும். தலையை வெளியே நீட்டித்தான் பாதையைப் பார்க்க வேண்டும். ஒருநாள் உப்பளத்துப் பக்கம் அப்படி வரும்போது, எதிரே மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி வந்ததே எனக்குத் தெரியவில்லை. கொம்பு தெரிந்த பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். மாடு என் வண்டியை முகர்ந்து பார்க்கிற தூரத்தில் கார் நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் நான் வீடு வருவதற்குள் செய்தி ஊருக்குள் போய்விட்டது.

மறுநாளே ஆஸ்பத்திரிக் கமிட்டியின் செயலாளர் வந்தார். கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிறவர். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

“டாக்டரம்மா, கோவிச்சுக்கிடாதிய. பொம்பளையளுக்கு இது ஒத்துவராது. ஒங்களுக்குக் கண்ணு வேற சரியில்லன்னு சொல்லுதாவ. கமிட்டியில பேசி சாவிய வாங்கிருவோம்.”

“ராத்திரி பகல்னு பிரசவத்துக்குக் கூப்பிட்டா என்ன செய்ய, அண்ணாச்சி?”

“மாட்டுவண்டி இருக்குல்லா?”

மாட்டுவண்டியில் போய் நான் சேர்வதற்குள் என்ன நடந்திருக்கும் என்று அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே தலையசைத்தார். அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையின் முன் நின்று என் கண்ணை நானே சோதித்தேன். கடைசி வரியின் பொடி எழுத்துவரை தெளிவாகப் படிக்க முடிந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் குறையில்லை என்றால் குறை காரின் கண்ணாடியில்தான்.

என் தங்கை அப்போது என்னோடு இருந்தாள். பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் இருவரும் காரைக் கழுவ இறங்கினோம். கிணற்றுத் தண்ணீரை இறைத்து, சோப்புப் போட்டு, சலவைக்குப் போய் வெளுத்து வந்த துண்டால் அழுத்தித் துடைத்தோம். உச்சிவெயிலில் தண்ணீர் உடனே காய்ந்தது. காய்ந்த இடமெல்லாம் கோடு கோடாக வெள்ளை பூத்தது. மறுபடி துடைத்தோம், கோடுகள் இடம் மாறின, போகவில்லை.

தங்கை கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“அக்கா, கரிக்கி. கடக்காத்துல வார உப்பு ஒரு பக்கம். அத நாம உப்புத்தண்ணியக் கொண்டு கழுவுதோம்.”

பிறகு அவள் என் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து, அதன்மேல் மூன்று சொட்டு விட்டாள். ஒன்று கிணற்று நீர், ஒன்று குழாயில் வரும் ஆற்று நீர், ஒன்று ஊசி மருந்துக்காக ஆஸ்பத்திரியில் காய்ச்சி வடிக்கும் நீர். காய்ந்ததும் பார்த்தோம். கிணற்று நீர் சுண்ணாம்பு வட்டம்போல் நின்றது. ஆற்று நீர் மங்கலாக ஒரு வளையம் விட்டிருந்தது. வடித்த நீர் விழுந்த இடமே தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. துண்டை முகர்ந்து பார்த்தேன்; கஞ்சி வாடை. துணியில் போட்ட கஞ்சிதான் கண்ணாடியில் ஏறுகிறது என்று புரிந்தது. ஆஸ்பத்திரியில் கொதிக்க வைத்து வைத்து மெலிந்துபோன கட்டுத்துணியை எடுத்து வந்தேன். காரை வேப்பமர நிழலுக்குத் தள்ளினோம். முதலில் துணியே படாமல் ஆற்று நீரை மேலிருந்து ஊற்றி உப்பைக் கரையவிட்டோம். பிறகு வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஈரம் காயுமுன் கசக்கிய பழைய செய்தித்தாளால் தேய்த்தோம்.

அப்போதும் லேசாக ஒரு புகை மூட்டம். வெளியிலா உள்ளேயா என்று தெரியவில்லை. “நான் வெளிய குறுக்காத் தேய்க்கேன், நீ உள்ள மேலும் கீழுமாத் தேய். எந்தக் கோடு தெரியுதோ அந்தப் பக்கம்தான் அழுக்கு” என்றேன். தெரிந்ததெல்லாம் மேலும் கீழுமான கோடுதான். உள்ளே படிந்திருந்தது தலையெண்ணெயும் மூச்சும். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு அதை எடுத்ததும், தங்கை கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. இருவரும் தெருவென்றும் பாராமல் கைகொட்டிச் சிரித்தோம்.

அதிலிருந்து காலையில் வெயில் ஏறுமுன் கண்ணாடி துடைப்பது என் முதல் வேலையானது.

கமிட்டி கூடுவதற்கு முன்பே ஒரு சாயங்காலம் அண்ணாச்சி ஓடி வந்தார். மேல்துண்டு தோளில் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் கட்டிக்கொடுத்த அவருடைய மகளுக்குக் காலையிலிருந்து வலி, குழந்தையின் கால் முன்னால் வருகிறதாம், மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள்.

“டாக்டரம்மா, ஒரு டிரைவரத் தேடச் சொல்லிருக்கேன்…”

“ஏறுங்க அண்ணாச்சி” என்றேன்.

ஸ்ரீவைகுண்டம் சாலை மேற்கே போகிறது. ஊரைத் தாண்டியதும் சூரியன் நேராக முகத்தில் அடித்தது. அண்ணாச்சி என் பக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. பனைமரங்களின் ஒவ்வொரு ஓலையும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. வெகு தொலைவில், அச்சு முறிந்து பாதையில் சாய்ந்து கிடந்த வண்டி தெரிந்தது. அதற்குக் கீழே குனிந்திருந்த வண்டிக்காரரின் முதுகும் தெரிந்தது. நிதானமாக ஒதுங்கி, மண்ணில் இறங்கி, சாலையில் ஏறினேன்.

அந்தக் குலுக்கலில் அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். பின்னால் போய்விட்ட வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை முன்னே நீட்டினார். விரல் கண்ணாடியில் இடித்ததும் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

“கண்ணாடியக் கழட்டிட்டியளோன்னுல்லா நெனச்சேன்!”

“கைய வைக்காதிய அண்ணாச்சி, தடம் விழும்.”

விளக்கேற்றும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பெண் மிகவும் சோர்ந்திருந்தாள். ஆனால் குழந்தையின் துடிப்பு காதுக்கு நன்றாகக் கேட்டது. “இன்னும் கொஞ்சம், தாயி, இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிச் சொல்லி, இடுப்பு, தோள், கடைசியில் தலை என்று குழந்தையை வெளியே எடுத்தேன். நீலம் பாரித்திருந்தது. முதுகைத் தேய்த்து, வாயைத் துடைத்து, ஊதினேன். ஒரு விக்கல். பிறகு வீடே அதிரும்படி ஓர் அழுகை. பெண் குழந்தை. வாசலில் நின்ற அண்ணாச்சி, அத்தனை பேர் முன்னாலும் தேம்பி அழுதார்.

“இன்னும் செத்த நேரம் தாமதிச்சிருந்தா?” என்று கேட்டார்.

“ரெண்டு பேரும் பொழைக்கிறது கஷ்டம்தான்.”

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கமிட்டியில நான் சொல்லிக்கிடுதேன். வண்டி ஒங்க கையிலதான் இருக்கணும். எவன் என்ன சொல்லுதான்னு நானும் பாக்கேன்.”

தாயும் பிள்ளையும் தேறும்வரை அங்கேயே தங்கிவிட்டு, விடிந்ததும் தனியாகத் திரும்பினேன். இப்போது சூரியன் கிழக்கே, மறுபடி நேர் எதிரே. இரவுப் பனியை நானே துடைத்திருந்தேன். வயல்கள் முடிந்து பனங்காடு தொடங்கியதும் எனக்கு வாயாரப் பாடத் தோன்றியது. சிறுவயதில் நாசரேத்து ஊர்க் கோயிலில் பாடிய ஞானப்பாட்டைக் குரலுயர்த்திப் பாடினேன். எதிரே வந்த பஸ் டிரைவர் வாயைப் பிளந்து பார்த்தார். ஹாரனை அழுத்தி அவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, பாட்டின் அடுத்த அடியை இன்னும் பலமாக எடுத்தேன்.