என் இரைப்பையைப் பார்க்க வந்தவர்கள்

எங்கள் வீட்டு வரிசையில் மூன்றாம் வீட்டு ஆன்டியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. என் வயிற்றுவலியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவருடைய முகம்தான் முதலில் வருகிறது. வலி அதற்குப் பிறகுதான்.

காலையில் பண்டமாரானிலிருந்து கிளம்பி, கிள்ளானில் ரயில் பிடித்து, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வேன். போய்ச் சேரும்போது, விலா எலும்புகள் சந்திக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல இருக்கும். பசிதான் என்று நினைத்துச் சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. சுற்றிலும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள். பொரித்த மீன் வாசனை வந்தாலே வயிறு புரட்டும். அலுவலகத்தில் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: "கேஸ்திரிக் லா." இந்த நாட்டில் நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் எது வலித்தாலும் அதற்கு அந்த ஒரே பெயர்தான். நானும் அதை ஒப்புக்கொண்டு மருந்துக்கடையில் வெள்ளைத் திரவம் ஒன்றை வாங்கிக் குடித்தேன். கொஞ்ச நேரம் அடங்கும். பிறகு மறுபடியும் அதே கட்டைவிரல்.

அந்தச் சமயத்தில் எனக்குப் பேட்மிண்டன் பைத்தியம் வேறு. எதையும் பாதியாகச் செய்ய எனக்குத் தெரியாது. தோள்பட்டை வலித்தால் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடப் போவேன். வெறும் வயிற்றில், ஐஸ் கோப்பியோடு. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. தோள் ஒரு இடம், வயிறு ஒரு இடம்.

கிள்ளானில் ஒரு கல்யாண விருந்தில்தான் விஷயம் கெட்டுப்போனது. எதிர் நாற்காலியில் மூன்றாம் வீட்டு ஆன்டி. என் தட்டில் பிரியாணி அப்படியே இருந்தது. இறால் சம்பலைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் எழுந்து கழிவறைக்கு ஓடினேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் வாசலிலேயே ஆன்டி நிற்கிறார்.

"என்னா கண்ணு, காலையிலயும் இப்படித்தான் வருதா?"

நான் ஒரு முட்டாள். "ஆமா ஆன்டி, காலையிலதான் ரொம்ப," என்றேன்.

அவருக்கு அது போதும்.

சில நாட்களிலேயே எங்கள் வரிசைப் பெண்கள் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கழுத்துக்குக் கீழே பார்த்துப் பேசினார்கள். கோயிலில் ஒரு அக்கா திருநீறு கொடுத்துவிட்டு என் சுடிதாரையே பார்த்துக்கொண்டு நின்றார். உடம்பு இளைத்ததால் சுடிதார் தொளதொளவென்று தொங்கியது. கல்யாணம் ஆகாதவள் வயிற்றை மறைப்பதற்காகத்தான் தொளதொளவென்று போடுகிறாள் என்று பேச்சு. ஒரு பெண் இளைத்துக்கொண்டே போகிறாள், அதைப் பார்த்துக்கொண்டே அவள் வயிறு பெரிதாகிறது என்று சொல்ல ஒரு தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை எங்கள் வரிசையில் நிறையவே இருந்தது.

ஊர் பேசட்டும் என்று விட்டிருப்பேன். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் என் கட்டிலில் பத்திரிகைத் தாளில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்தேன். கர்ப்பம் பார்க்கும் கிட்.

"என்னாமா இது?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஒருதடவ பாத்துட்டா நல்லதுதானே."

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்னா? நீ சாப்பிட மாட்டேங்கற, வாந்தி எடுக்கற. நான் என்னான்னு நினைக்கறது?"

"இவள டாக்டர்கிட்ட காட்டணும்னு நினைக்கலாம் லா!"

அம்மா அடுத்த துணியை எடுத்து மடித்தார். ஆன்டி என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் எனக்குக் கோபம் மட்டும்தான் வரும். அம்மா அப்படி நினைத்தது வேறு. அம்மா என் பக்கம் நிற்கிறாரா இல்லையா என்பது மட்டும்தான் அப்புறம் எனக்குக் கேள்வியாக இருந்தது. அந்தப் பெட்டியின் முத்திரையை உடைக்காமல் கொண்டுபோய் அம்மாவின் தலையணைமேல் வைத்தேன்.

மறுநாள் மதியமே பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். அந்த டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் கேள்வி கேட்டார். சாப்பிட்டால் வலி கூடுகிறதா, குறைகிறதா? எடை எவ்வளவு இறங்கியிருக்கிறது? மலம் கறுப்பாகப் போகிறதா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? வலி மாத்திரையைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"அத இன்னைக்கே நிறுத்துங்க. எப்பவோ ஒருநாள் வயிறு வலிச்சா பரவால்ல. பசியும் போயி, எடையும் எறங்குதுன்னா உள்ள பாத்தே ஆகணும்."

தொண்டை வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்க, கிள்ளானில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார். அம்மாவும் கூட வந்தார். அங்கே தாதி ஒரு சின்னக் குப்பியைக் கையில் கொடுத்தார். "எல்லாப் பொம்பளைங்களுக்கும் செய்யற டெஸ்ட்தான்மா, கர்ப்பம் இல்லன்னு பாக்கறதுக்கு." அம்மா தலையைத் திருப்பினார். பத்து நிமிடத்தில் தாதி வந்து, "ஒண்ணும் இல்ல, உள்ள போலாம்," என்றார்.

அம்மா மூச்சு விட்டார். நீளமான மூச்சு. எனக்குக் கேட்டது. குழாய் உள்ளே போனதுகூட எனக்கு அவ்வளவு ஞாபகம் இல்லை, மயக்க ஊசி போட்டிருந்தார்கள். அந்த மூச்சு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் சொன்னதை நம்பாதவர் ஒரு குப்பிச் சிறுநீரை நம்பினார்.

முடிவு: இரைப்பையில் புண். அதற்கு இரண்டு காரணம் சொன்னார்கள். ஒரு கிருமி ரொம்ப நாளாக இரைப்பையின் உள் தோலை அரித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் நான் வலி மாத்திரையை வேறு கொட்டியிருக்கிறேன். இரண்டு வாரத்துக்குக் கிருமி மருந்து, அதோடு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. வாயெல்லாம் இரும்புச் சுவை. பாதியில் விட்டால் கிருமி திரும்ப வரும் என்றார்கள். நானா விடுவேன்? அரைக் கிண்ணம் கஞ்சி, ஒரு இட்லி, கொஞ்சம் மீன் சூப் என்று பிரித்துப் பிரித்துச் சாப்பிட்டேன். கோப்பியை விட்டேன். ஒவ்வொரு மாத்திரையை விழுங்கும்போதும் அந்தக் கிருமி துடித்துச் சாவதைக் கற்பனை செய்தேன். அதற்குச் சில நாள் மூன்றாம் வீட்டு ஆன்டியின் முகம் இருந்தது.

மருந்து முடியும் நேரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவரே வந்தார். கூட இரண்டு அக்காமார். கையில் பெரிய பிஸ்கட் டின்.

"புள்ளைக்கு ஒடம்பு முடியல, ஆஸ்பத்திரிக்குப் போனான்னு சொன்னாங்க. மனசு கேக்கல."

அம்மா தேநீரும், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பும் கொண்டுவந்து வைத்தார். மூன்று பேரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். மருத்துவமனையில் கொடுத்த படங்கள் இருந்த என் ஃபோனை எடுத்துத் தொலைக்காட்சியோடு இணைத்தேன்.

"உக்காருங்க ஆன்டி. என் வயித்துக்குள்ள என்னா இருக்குன்னுதானே எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க? காட்டறேன்."

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு கண்ணு..."

திரை முழுவதும் என் இரைப்பை. இளஞ்சிவப்பாக, ஈரமாக, மடிப்பு மடிப்பாக. நடுவில் வெள்ளையாக ஒரு குழி, அதைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு வளையம்.

"நல்லாப் பாருங்க. கை தெரியுதா? கால் தெரியுதா?"

ஒரு அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றப் பார்த்தார்.

"அப்பன் யாருன்னு கேப்பீங்கல்ல? டாக்டர் ரெண்டு பேரச் சொன்னாரு. ஒண்ணு கிருமி, இன்னொண்ணு வலி மாத்திர."

ஆன்டியின் கையில் பாதி கடித்த கறிபாப். உருளைக்கிழங்கு வெளியே தெரிந்தது. அவர் அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார்.

"நான் அக்கறையாத்தான்மா கேட்டேன். தப்பா ஒண்ணும் சொல்லல."

"கழிவற வாசல்ல நின்னு கேட்ட அக்கறதானே ஆன்டி?"

நான் இன்னும் நாலு படம் வைத்திருந்தேன். நாலையும் காட்டினேன். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் காட்டினேன். அம்மா அடுப்படி வாசலில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆன்டி நெளிந்ததைவிட நான் அதிகம் கவனித்தது அதைத்தான்.

போகும்போது கேட் அருகில் ஆன்டி குரலைத் தாழ்த்தினார். "கண்ணு, முட்டி வலிக்கு நானும் ஒரு மாத்திர போடறேன். கடையிலதான் வாங்கறது. கொஞ்ச நாளா சோறு புடிக்கல. அது மாதிரி இருக்குமா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒரு நொடி அப்படி நினைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், மற்ற இரண்டு பேருக்கும் கேட்கும்படி சத்தமாக. அந்த மாத்திரையை இனிமேல் தொடாதீங்க, நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்க, உங்கள் வயதில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்க. அன்பினால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் நல்லபடியாக இருக்க வேண்டும். நல்லபடியாக இருந்தால்தான் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கப்பட முடியும்.

உள்ளே வந்தேன். தொலைக்காட்சியில் கடைசிப் படம் அப்படியே இருந்தது. அம்மா அதன் எதிரே, ரொம்பக் கிட்டத்தில், தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நீ ஒரு வார்த்த பேசலமா," என்றேன்.

"இவ்ளோ பெருசா இருக்கு."

"திரையில பெருசாத் தெரியுது. நெஜத்துல சின்னது."

"ரொம்ப வலிச்சிச்சா?"

"வலிக்குதுன்னு அப்பவே சொன்னேன்ல."

அம்மா திரையில் அந்தக் குழியை விரலால் தொட்டார். பிறகு தன் ஃபோனைத் தேடி எடுத்தார். "அந்தப் படத்த எனக்கு அனுப்பு."

கோயில் மகளிர் குரூப்பில் எங்கள் வரிசை முழுக்க இருக்கிறது. அம்மா அதில் தினம் வாழ்த்துப் பூ அனுப்புவதோடு சரி. அன்று என் புண்ணை அனுப்பினார். பிறகு மைக்கை அழுத்திப் பேசினார்: "எல்லாருக்கும் வணக்கம். இது எம் பொண்ணு வயிறு. உள்ள புண்ணு. மருந்து சாப்பிடறா. சந்தேகப்பட்டவங்க பெருசு பண்ணிப் பாத்துக்கங்க. நன்றி."

அனுப்பிவிட்டு ஒருமுறை போட்டுக் கேட்டார். முகம் சுருங்கியது.

"ரொம்ப மரியாதையாப் பேசிட்டேன்."

அதை அழித்தார். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றார். மறுபடியும் மைக்கை அழுத்தினார்.

"மூணாம் வீட்டு அம்மா, இது உங்களுக்குத்தான்..."