ஓரமாக நின்றவர்கள்

மலாய் நாட்டில் இருந்த அந்தத் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிச் சனங்கள் மூட்டைமுடிச்சோடு லகாட் என்ற ஊர்ப்பக்கம் கட்டிய மலிவு வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். எழுபதுகளின் கடைசி அது. வீடுகளுக்கு முன்னால் தார்ச்சாலை. மண் லோரிகள் அதில் பேய் மாதிரி ஓடும். பஸ் நிற்கிற இடமோ சாலைக்கு அந்தப் பக்கம். கடப்பதற்கு ஒரு வெள்ளைக் கோடு கிடையாது.

ராக்காயிக்கு அந்தக் கோடு வேண்டும். மகள் மங்களத்துக்கு இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப் போயிருந்தது. அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் அவள் தினமும் சாலையைக் கடந்து, சட்டை தைக்கும் தொழிற்சாலையின் பஸ்ஸைப் பிடித்தாள். ராக்காயி சாலை நடுவில் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். லோரிக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போவான். மகள் அந்தப் பக்கம் ஏறுகிற வரைக்கும் தாய்க்கு உயிர் உயிராக இருக்காது.

அவள் அலையாய் அலைந்ததில் நகராண்மைக் கழகத்து அதிகாரிகள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். சனங்கள் எங்கே அதிகமாகக் கடக்கிறார்களோ அங்கேதான் கோடு போடுவார்களாம். ராக்காயிக்கு இது புரிந்தது. அவள் புருஷன் சன்னாசிக்குப் புரியவில்லை.

சன்னாசி தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆள்களை வரிசையாக நிறுத்தியே பழகியவர். வெள்ளைக்காரத் தொரையின் கார் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, தலைத்துண்டை எடுத்து, ஓரமாக நிற்க வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் ஊறிய சட்டம். தோட்டம் போய்விட்டது, தொரையும் கப்பலேறிவிட்டார். சட்டம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அதிகாரிகள் வருவதற்கு முதல் நாள் வீடு வீடாகப் போனார்.

"நாளைக்கு ஆபீஸ் தொரைங்க வாராங்க. ஆடு மாடு மாதிரி குறுக்க ஓடி மானத்த வாங்காதீங்க. அவங்க போற வரைக்கும் ஓரமா நில்லுங்க. ஒழுங்கா இருந்தாத்தான் கோடு கெடைக்கும்."

வீட்டுக்கு வந்ததும் ராக்காயி பிடித்துக்கொண்டாள். "நம்ம கஷ்டத்த பாக்கத்தான வாராங்க? அதயே மறைச்சு வச்சா எப்படிங்க?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருலா. மங்களத்த நாளைக்கு வேலைக்கு அனுப்பாத. நொண்டிக்கிட்டுப் போறத வேற அவங்க பாக்கணுமா?"

பெற்ற அப்பன் பேசுகிற பேச்சா இது? பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மங்களம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ராக்காயி உள்ளே போய், நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்று மகளிடம் சொன்னாள்.

மறுநாள் அதிகாரிகள் காரில் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள். சனங்கள் வெளுத்த சட்டையும் எண்ணெய் வைத்த தலையுமாகச் சாலையோரம் நின்றார்கள். பஸ் வந்தது, நின்றது, போனது. ஒருத்தரும் அசையவில்லை. மலாய்க்கார அதிகாரி "பாகுஸ், பாகுஸ்" என்று பாராட்டிச் சிரித்துவிட்டுக் கிளம்பினார். நல்ல சனங்கள் என்று தொரையே சொல்லிவிட்டார் என சன்னாசி அந்த வாரம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

கோடு தூரத்தில், கடைவரிசைக்கு முன்னால் விழுந்தது. அங்கே சனங்கள் யாருக்கும் பயப்படாமல் இஷ்டத்துக்குக் கடந்தார்கள். அவ்வளவு தூரம் நடந்து போய்த் திரும்பி வர மங்களத்தின் காலுக்குத் தெம்பில்லை. ராக்காயி காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு மழைக்காலைப் பொழுதில், மங்களம் பழைய இடத்திலேயே தனியாகக் கடந்தாள். லோரி அடித்தது. உயிர் தப்பியது. ஆனால் நன்றாக இருந்த காலைத்தான் எடுக்க வேண்டியதாயிற்று.

அதிகாரிகள் மறுபடியும் வந்தார்கள். சன்னாசி மறுபடியும் சனங்களை ஓரமாக நிறுத்தினார். ராக்காயி மட்டும் நேரே போய்ச் சாலை நடுவில் நின்றாள். கார் நின்று ஹாரன் அடித்தது.

"ஏய், ஓரமா வா! தொரை காடி நிக்குது பாரு!" என்று சன்னாசி கத்தினார்.

"நிக்கட்டும்," என்றாள் ராக்காயி. "எம்மவளுக்கு நிக்காத வண்டி எனக்காச்சும் நிக்கட்டும்."

அதற்குப் பிறகு அங்கேயும் கோடு போட்டார்கள். மங்களம் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சன்னாசி சாமான் வாங்க அந்த வழியாகத்தான் போவார். கார்க்காரன் எவனாவது மரியாதையாக நிறுத்தி வழிவிட்டால், தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீங்க போங்க தொரை" என்று சொல்லி ஓரமாக நிற்பார்.