திருப்பிக் கொடுக்காத கரண்டி

எங்கள் குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே ஓர் ஆணியில், ஒரு பித்தளைக் கரண்டி பல வருடம் தொங்கிக்கொண்டிருந்தது. அது எங்களுடையது அல்ல. கைப்பிடியில் ஒரு சின்னச் சிலுவையும், பக்கத்து வீட்டு மாமா, மாமி இருவர் பெயரின் முதல் எழுத்துகளும் வெட்டியிருக்கும். மாமியின் கல்யாணச் சீரில் வந்தது. அம்மா அதை அடிக்கடி எடுத்துப் புளி போட்டுத் தேய்ப்பாள், துடைப்பாள், அதே ஆணியில் மாட்டுவாள். அதை வைத்து ஒரு நாளும் எதையும் கிண்டியதில்லை. சின்ன வயதில் ஒரு தடவை நான் பாயசம் கிண்ட அதை எடுத்தேன். அம்மா பிள்ளைகளை அடிக்கிற ரகமில்லை. அன்றைக்கு முதுகில் ஒன்று வைத்தாள்.

இது புரிய வேண்டுமானால் எங்கள் தெருவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் கடல் தொழிலுக்குப் போகிறவர்களுடையவை. ஒரு படகு வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்றால், அந்த வீட்டுப் பெண்ணிடம் யாரும் "வந்துட்டாவளா?" என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டும், அவளிடம் பதில் இல்லை. ஆனால் அவளைத் தனியாகவும் விட முடியாது. ஆகவே எதையாவது இரவல் கேட்டுப் போவார்கள். உப்பு, புளி மாதிரித் தீர்ந்துபோகிற பொருள் கூடாது. திருப்பிக் கொடுக்கிற பொருளாக இருக்க வேண்டும். முறமோ, அண்டாவோ, எதுவோ. படகு கரை வந்த பிறகுதான் அதைத் திருப்பிக் கொடுப்பார்கள். வெளியே பொருள் கிடக்கிற வீட்டுக்கு ஆள் வந்தே தீர வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. கோயில் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் எதையெல்லாமோ கண்டித்திருக்கிறார், இதை மட்டும் கண்டித்ததில்லை.

மாமாவின் வள்ளம் வராத அன்று சாயங்காலம் முதலில் போனது அம்மாதான். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். மாமி மீன்குழம்பு கிண்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு என்ன கேட்பதென்று ஓடவில்லை போல. "அந்தக் கரண்டியக் கொஞ்சம் தாளா" என்றாள். மாமி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். குழம்பிலிருந்து கரண்டியை எடுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டு, மீதியை ஒரு தேக்கரண்டியால் கிண்டினார். அந்தப் பெரிய சட்டியில் அந்தச் சின்னக் கரண்டி சுற்றியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

வள்ளம் வரவில்லை. தேடப் போனவர்களும் ஒரு கட்டத்தில் தேடுவதை நிறுத்தினார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் தாங்கள் வாங்கிய பொருட்களை மாமி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, நேரிலேயே கொண்டுபோனாள். "இருக்கட்டும் அக்கா. அவுக வந்த பொறவு கொண்டாங்க" என்று மாமி கதவை மெல்லச் சாத்திவிட்டார். மறு வருடமும் அதே பேச்சு. அதன் பிறகு அம்மா அந்தப் பக்கம் கரண்டியைக் கொண்டுபோகவில்லை.

மாமி அழுது வடிந்துகொண்டு கிடக்கவில்லை. காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் செய்து துறைமுகத்துக்குப் போகிற லாரி டிரைவர்களுக்கு விற்றார். வாய்த்துடுக்கு அதிகம். தெருவில் அவர் சிரிப்பு தனியாகக் கேட்கும். ஒரே ஒரு விஷயம்தான். மாமாவைப் பற்றிப் பேசும்போது, "அவுகளுக்கு ஒறப்பு பிடிக்கும்" என்பார், "பிடிச்சிருந்துச்சு" என்று சொல்ல மாட்டார். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மெழுகுவத்தி வாங்கும்போது அவர் வாங்க மாட்டார். செத்தவர்களுக்காக வைக்கிற பூசை மாமாவுக்கு ஒரு தடவைகூட வைக்கவில்லை.

இனி என் கதை. நான் பிளஸ் டூ முடித்து நீட் எழுதினேன். டாக்டராக வேண்டும் என்பது என் ஆசையா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பாவின் ஆசையா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. சென்னையில் நடந்த கவுன்சிலிங்கில் என் முறை வந்தபோது எனக்கான இடங்கள் முடிந்துவிட்டன. காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறியது. எனக்கு முன்னால் இருக்கிற சிலர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் எனக்கு இடம் வரும், இல்லையென்றால் வராது. வந்தாலும் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முகம் தெரியாத யாரோ ஒரு பிள்ளை மனம் மாற வேண்டும் என்று செபமாலை சொல்கிற நிலைமைக்கு ஆளானேன். மாதாவுக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

சென்னையிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கே மாமி பின்வாசலில் வந்து நின்றார். "ஏளா, ஒங்க தேங்கா துருவியக் கொஞ்சம் எடு" என்றார். அவர் வீட்டில் துருவி இரண்டு உண்டு. காலையில் அவர் துருவுகிற சத்தம்தான் எனக்குத் தினமும் அலாரம். எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் கோடி வீட்டு அக்கா இட்லிப் பானையை வாங்கிப் போனார். அடுத்து ஆட்டுரல் குழவி போனது. தெருமுனைக் கடை அண்ணாச்சி உடன்குடிக்காரர், கருப்பட்டி வியாபாரம், கோயிலுக்கு வருகிறவர்கூட இல்லை. அவரும் வந்து குடை கேட்டார். ஆடி மாதத்துத் தூத்துக்குடி வெயிலில், மேகம் தென்படாத வானத்துக்குக் கீழே, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் என்ன கடலிலா காணாமல் போனேன்? வீட்டில் இட்லி இல்லை, துவையல் இல்லை, தேங்காய்ச் சட்னி இல்லை, தினமும் உப்புமா. "இன்னும் ஒரு ரவுண்டு போச்சுன்னா படுக்கிற பாயையும் சுருட்டிட்டுப் போயிருவாவ" என்று அப்பா சிரித்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் சொந்தக்காரர்கள் போன் போட்டு "என்னாச்சு, வந்துட்டா?" என்று கேட்டுக் கேட்டு என்னைக் கொன்றார்கள். எங்கள் தெருவில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நான் வாசலில் தைரியமாக நின்றது அதனால்தான்.

உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் வேதியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. வகுப்புகளும் தொடங்கிவிட்டன. நான் போகவில்லை. அங்கே போய் உட்கார்ந்தால் மருத்துவ இடம் வராது என்று ஒரு பிடிவாதம். அப்பா ஒரு தடவை கேட்டார், நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன், அதோடு விட்டுவிட்டார். இரண்டாம் சுற்றில் பட்டியல் நகர்ந்தது. எனக்கு முன்னால் கொஞ்சம் பேர்தான் மிச்சம். அது நகராமலே இருந்திருக்கலாம். அதற்கப்புறம் போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. தலை பின்னவில்லை. படித்த புத்தகம் ஒன்றையும் தொடவில்லை. கல்லூரியிலிருந்து, இனியும் வராவிட்டால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினார்கள். அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

கடைசிச் சுற்று ஒரு மத்தியானம் முடிந்தது. என் பெயர் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. குசினிக்குப் போனேன். அம்மா உப்புமாவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றைக்கும் தெரியாது. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

எங்கள் தெருவில் இரவல் போன பொருளைப் போய்க் கேட்கிற வழக்கம் இல்லை. அவர்களாகக் கொண்டுவர வேண்டும், அதுவும் கரை வந்த பிறகு. நான் வீடு வீடாகப் போனேன். குடையை வாங்கினேன், குழவியை வாங்கினேன், இட்லிப் பானையை வாங்கினேன். கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். கடைசியாக மாமி வீடு.

"ஏளா, எடம் வந்துட்டா?" என்றார் மாமி. தெருவில் அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டது அவர்தான்.

"வரல மாமி. இனி வராது. முடிஞ்சிட்டு. துருவியத் தாங்க."

மாமி நகரவில்லை. "வராம எப்பிடிளா வாங்கிட்டுப் போவ? அடுத்த வருசம் எழுதலாம்லா. அது வரைக்கும் இங்கனயே கெடக்கட்டும்."

"எழுதுனா எழுதுதேன். அதுக்காவ அது வரைக்கும் உப்புமாவா திங்க முடியும்? தேங்கா துருவணும் மாமி" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்த் துருவியைக் கொண்டுவந்தார். வாங்கிப் போன நாளிலிருந்து ஒரு தேங்காய்கூட அதில் துருவவில்லை, பல்லெல்லாம் பளபளவென்று இருந்தது. சாயங்காலம் எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி அரைத்தோம். சட்னியைத் தொட்டுக்கொண்டு சாப்பிடும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அம்மா தட்டை எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை நான் கல்லூரிக்குப் போகத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். மாமி பின்வாசலில் வந்து நின்றார். இடியாப்பம் விற்கிற நேரம், கையில் மாவு. "அக்கா, அந்தக் கரண்டியத் தாங்க" என்றார். அம்மா ஆணியைத் திரும்பிப் பார்த்தாள். "கொழம்பு கிண்டணும்லா" என்றார் மாமி, ஏதோ நேற்றுக் கொடுத்ததைக் கேட்கிற மாதிரி.

அம்மா ஆணியிலிருந்து கரண்டியை எடுத்தாள். இரவல் வாங்கியதை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால், கரண்டிக் குழியில் ஒரு துண்டு கருப்பட்டி வைத்துக் கொடுத்தாள். மாமி அதை இரண்டு கையாலும் வாங்கி, அந்த எழுத்துகளைப் பெருவிரலால் தடவினார். பிறகு எங்கள் குசினித் தரையில் உட்கார்ந்து, தெருவே கேட்கும்படி அழுதார். மாமா போய் அத்தனை வருடம் கழித்து நான் முதல்முறையாக அந்த அழுகையைக் கேட்டேன். எனக்குப் பயமாகவும் இருந்தது, ஏனோ நிம்மதியாகவும் இருந்தது. அந்த மாதம் மாமாவுக்குப் பூசை வைத்தார். தெருவே போயிருந்தது. கடை அண்ணாச்சி கடைசி வரிசையில் நின்றார்.

நான் மறுபடி நீட் எழுதவில்லை. வேதியியல் படித்து, இப்போது துறைமுகத்தில் இறங்கும் சரக்கில் மாதிரி எடுத்துச் சோதிக்கிற ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா பார்க்க ஆசைப்பட்ட வெள்ளைக் கோட்டைத்தான் போடுகிறேன், நிலக்கரிக்கு நாடி பிடிக்கிறேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டெதஸ்கோப்போடு நிற்கிற பிள்ளைகளைக் கண்டால் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். மாமிக்கு இப்போது முட்டுவலி. இடியாப்பத்தை விட்டபாடில்லை. என்னை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுகிறார், கிண்டலா என்று கேட்டால் சிரிக்கிறார்.

போன வாரம் எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் காத்திருப்போர் பட்டியல் என்று தெரிந்தது. வேலை முடிந்து வந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தேங்காய் துருவி கேட்டேன். "துருவி இல்லியேளா. மாமி காலைலயே வந்து வாங்கிட்டுப் போய்ட்டாவ" என்றார் அவள் அம்மா. "அப்படின்னா ஒரு கரண்டி தாங்க" என்றேன். அந்தப் பெண் போனிலிருந்து தலையைத் தூக்கி, இவர்கள் வீட்டில் கரண்டிக்குமா பஞ்சம் என்பது போல என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த எவர்சில்வர் கரண்டியைக் கொண்டுவந்து, இத்தனை வருடம் சும்மா இருந்த அந்த ஆணியில் மாட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "இது எத்தன வருசத்துக்குளா?" என்றாள்.

"வருசமெல்லாம் இல்லம்மா" என்றேன். "வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, கடேசி ரவுண்டு முடிஞ்ச அன்னைக்குக் கொடுத்திருவோம்."