தோன் எலியோதோரோ ஓய்வெடுக்கப் போன கதை

என் மாமனார் தோன் எலியோதோரோ ஆயுள் முழுக்க டூரிஸ்ட் பஸ் ஓட்டியவர். மெக்சிகோவில் எங்கள் லியோன் நகரத்துச் செருப்புத் தொழிற்சாலை ஜனங்களை வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் குவாயபீத்தோஸ் கடற்கரைக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தவர் அவர்தான். ஆனால் அவர் கடலில் கால் நனைத்தது கிடையாது. ஜனங்கள் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கி ஓடியதும், பஸ்ஸின் வயிற்றில் சாமான் வைக்கிற அறையைத் திறந்து, அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்துவிடுவார். கிளம்பும் நேரம் எழுந்து ஹார்ன் அடிப்பார். அவரைப் பொறுத்தவரை கடல் என்பது வண்டி திருப்புகிற இடம்.

வேலையை விட்ட பிறகு வந்த முதல் புனித வாரத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது கரண்டியால் மேசையைத் தட்டினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தத் தடவை நாமளும் குவாயபீத்தோஸ் போறோம். டிரைவரா இல்ல, மனுஷனா. அங்க போய் ஒண்ணுமே செய்யக் கூடாது. ஓய்வு. சுத்தமான ஓய்வு."

என் மனைவி நொயெமி கை தட்டினாள். அவள் அம்மா, அத்தை ஒப்தூலியா மட்டும் சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "உனக்கு ஒண்ணும் செய்யாம இருக்கத் தெரியுமா, கிழவா?" என்றாள்.

"அதுக்குத்தானே திட்டம். வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே எந்திரிக்கணும். இல்லன்னா முன்வரிசை ஓலைக்குடையெல்லாம் குவாதலஹாராக்காரன் பிடிச்சுடுவான். நீயும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு துண்டு போட்டு இடம் பிடிங்க. அப்புறம் படுக்கை. கொஞ்ச நேரம் முதுகு, கொஞ்ச நேரம் வயிறு. நான் விசில் அடிச்சதும் திரும்பிப் படுக்கணும். ஒரு பக்கமே வெந்துடக் கூடாது பாரு."

"நாங்க என்ன ரொட்டியா?" என்றாள் அத்தை.

அடுத்த சண்டை தங்கும் இடத்தைப் பற்றி வந்தது. மாமாவுக்குச் சமையலறை உள்ள பங்களா வேண்டும். கடற்கரைக் கடைக்காரன் மீன் விலையில் நம்மையே பொரித்துவிடுவான் என்பது அவர் கட்சி. அத்தை இடுப்பில் கை வைத்தாள்.

"அடுப்பு இருக்கற இடத்துக்கு நான் வர மாட்டேன். அடுப்பைப் பாக்கணும்னா இதோ, இங்கயே இருக்கு. இதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?"

"ஒப்து, அங்க ஜன்னலைத் திறந்தா கடல் தெரியும்."

"அப்ப நீ கடலைப் பாத்துக்கிட்டே சமை. எனக்கு ஒரு தூளி வேணும். அதுல நான் படுக்கணும். வேற யாராவது ஒரு தட்டைக் கொண்டாந்து என் வயித்து மேல வைக்கணும். அவ்வளவுதான் என் திட்டம்."

நாலு நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. சமாதானம் பேசப் போன என்னை இருவருமாகச் சேர்ந்து திட்டினார்கள். கடைசியில் ஒருவழியாக முடிவாயிற்று: சமையலறை இருக்கும், அத்தை அதற்குள் நுழைய மாட்டாள், சமைக்கிற ஆள் நான்.

மூட்டை கட்டுவதற்கு ஒத்திகை வேறு நடந்தது. முற்றத்தில் ஒரு பஸ்ஸின் அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, எந்த மூட்டை எந்த மூலைக்கு என்று எங்களைச் சுமக்க வைத்துப் பழக்கினார். பயற்றுக் குழம்பு ஒரு பானை, மோலே மசாலா ஒரு வாளி, மேசை மின்விசிறி, கயிறு, திருப்புளி, கழிவறைக் காகிதம், உட்கார நாற்காலிகள், நாற்காலி உடைந்தால் ஒட்டுவதற்குச் செருப்புப் பசை. பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "வீடு காலி பண்றீங்களா, தோன் எலியோ? சொல்லவே இல்லையே!" என்று கண் கலங்கினாள்.

பஸ்ஸில் அவருக்கு டிரைவருக்கு நேர் பின்னால் சீட்டு. வண்டி லியோனைத் தாண்டுவதற்குள்ளேயே அவருடைய வலது கால் தரையை மிதிக்க ஆரம்பித்துவிட்டது. இல்லாத பிரேக்கை அழுத்தி அழுத்தி, தெபிக் ஊரைத் தாண்டி மலை இறக்கம் வந்தபோது வாயும் திறந்துகொண்டது.

"தம்பி, கியரைக் குறை. வளைவு வருது. நீ பாக்கல, நான் பாக்குறேன்."

டிரைவர் பையன் நல்லவன். ரொம்ப நேரம் பொறுத்தான். பிறகு கண்ணாடியில் பார்த்து, "பெரியவரே, வேணும்னா நீங்க ஓட்டறீங்களா?" என்று கேட்டான்.

"வண்டியை நிறுத்து. ஓட்டறேன்."

பஸ்ஸே சிரித்தது. அத்தை எப்போதோ எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவளிடம், "முன்னால கத்தறாரே, அந்த ஆள் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். அத்தை தலையை எட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, "தெரியலையேம்மா. பாவம், வீட்டுல யாரு மாட்டிக்கிட்டு அவதிப்படறாளோ" என்றாளாம்.

மறுநாள் விடிவதற்கு முன்பே விசில் சத்தம். முன்வரிசை ஓலைக்குடையைப் பிடித்துவிட்டோம். பிடிப்பதற்கு வேறு யாரும் வந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். தூக்கக் கலக்கத்தோடு குளிர்ந்த மணலில் உட்கார்ந்து, சூரியன் எப்போது வருவான் என்று காத்திருந்தோம். வெயில் ஏறியதும் விசில். முதுகு. விசில். வயிறு. நடுவில் அவர் காணாமல் போனார். தேடிப் போனால், சாலையில் நின்று வந்து இறங்கும் பஸ்களுக்கெல்லாம் "வா, வா, வா, ஒடி, ஒடி, போதும்!" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, தாரை தப்பட்டையோடு சுற்றுகிற பாட்டுக்காரர்களிடம் ஒரு பாட்டுக்கு என்ன விலை, அரைப் பாட்டுக்கு என்ன விலை என்று பேரம் பேசி, அவர்கள் கோபித்துக்கொண்டு போகும்படி செய்தார்.

அத்தை தூளியில் படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவள் கேட்டது கிடைத்தது.

மத்தியானத்துக்கு மேல் நொயெமி கடலில் இறங்கினாள். அலை அடித்து அவள் தடுமாறியதைப் பார்த்ததும் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கடலுக்குள் போனார். போகும்போதே வகுப்பு ஆரம்பமாகிவிட்டது.

"இப்படி நேரா நிக்கக் கூடாதும்மா! அலைக்குப் பக்கவாட்டுல நிக்கணும். ஒரு காலை முன்னால வை. வளைவுல வண்டியைத் திருப்பற மாதிரி. இப்ப என்னைப் பாரு, நான் எப்படி..."

அலை அவர் முதுகுப் பக்கமாக வந்தது. 'எப்படி'யில் வாய் அகலத் திறந்திருந்த சமயம் அது. மாமா மறைந்து போனார். தொப்பி மட்டும் மிதந்தது. நான் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். மூக்கிலும் காதிலும் தண்ணீர் வழிய, கன்னம் இரண்டும் உள்ளே போய், வேறு யாரோ போல எழுந்து நின்றார்.

"ஃபோஷு! எழ்ழாம் ஃபோஷு!"

"என்ன மாமா? நெஞ்சு வலிக்குதா?"

"ஃபள்ளு! ஃபள்ளு ஃபோஷு!"

அப்போதுதான் எனக்கு ஞாபகமே வந்தது. அவர் பல்லெல்லாம் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டவை. மேல்வரிசை கீழ்வரிசை இரண்டும் கட்டிய பல்செட். பேச்சுக்கு நடுவில் அதைக் கவனிக்க யாருக்கும் இடம் கிடைத்ததில்லை. இரண்டையும் பசிபிக் கடல் வாங்கிக்கொண்டுவிட்டது.

செய்தி பரவியது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் கைகோத்து வரிசையாக நின்று காலால் மணலைத் துழாவினார்கள். ஒருவர், "எந்த நிறம்?" என்று கேட்டார். "பல் நிறம்" என்றேன். கிளிஞ்சல் கிடைத்தது, ஒற்றைச் செருப்பு கிடைத்தது, ஒரு குழந்தையின் வாளி கிடைத்தது. இளநீர் விற்கிறவர் வண்டியை விட்டுவிட்டு வந்து, "உயிர்காக்கிறவன் குடிசையில போய்க் கேளுங்க. கடல் திருப்பிக் குடுக்கறதெல்லாம் அவன்கிட்டதான் சேரும்" என்றார்.

போனோம். கருத்த வாலிபன் ஒருவன், வழக்கமான வேலைதான் என்பதுபோல, பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இழுத்தான். மூடியைத் திறந்தால் உள்ளே பத்துப் பதினைந்து பல்செட்டுகள் எங்களைப் பார்த்துச் சிரித்தன.

"பாத்து எடுங்க பெரியவரே. போன வருஷத்ததும் இருக்கு. அவசரம் இல்ல, போட்டே பாக்கலாம். கழுவித்தான் வச்சிருக்கோம்."

மாமா குனிந்து கிளறினார். அவருடையது இல்லை. ஆனால் ஓரத்தில் ஒன்று, தங்கப்பல் பதித்தது, பளிச்சென்று இருந்தது. அதைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணில் ஆசை வந்ததை நான் கண்டேன், அத்தையும் கண்டாள்.

"கீழ வை! வேற ஒருத்தன் பல்லோட என்னால குடும்பம் நடத்த முடியாது!"

அதன் பிறகுதான் எங்கள் விடுமுறை ஆரம்பமாயிற்று. மாமா வெட்கக்காரர், பொக்கை வாயை ஊரார் முன் காட்ட மாட்டார். உதட்டை இறுக்க மூடிக்கொண்டார். விசில் அடிக்கவும் பல் வேண்டியிருந்தது. முதல் நாள் கையை ஆட்டி உத்தரவு போட்டுப் பார்த்தார். நாங்கள் புரியாதது போல் நாங்களும் கையை ஆட்டினோம். இரண்டாம் நாள் கோபித்துக்கொண்டு தூளியில் படுத்தார். படுத்தவர் தூங்கிப்போனார். என்ன தூக்கம்! மணல் நண்டு ஒன்று அவர் தொப்பியில் ஏறி இறங்கிப் போனதுகூடத் தெரியாத தூக்கம்.

அத்தை எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தூவிய இளந்தேங்காய் வழுக்கையைக் கரண்டியால் சுரண்டி அவர் வாயில் ஊட்டினாள். மீன் ரசம், பால் புட்டிங், மசித்த வெண்ணெய்ப்பழம். அவர் மறுபேச்சில்லாமல் விழுங்கினார். கோபித்துக்கொண்டு போன பாட்டுக்காரர்களை அவள் கூப்பிட்டு அனுப்பி, பேரம் பேசாமல் ஒரு முழுப் பாட்டு வாசிக்கச் சொல்லி, மணலில் தனியாகவே ஆடினாள். நான் சமையலறையைத் திறக்கவே இல்லை. மோலே மசாலா வாளியை இளநீர்க்காரர் மனைவிக்குக் கொடுத்துவிட்டு, கிளம்புகிற வரைக்கும் அவள் சுட்ட மீனைச் சாப்பிட்டோம்.

கடைசி நாள் சாயங்காலம் மாமாவைக் காணோம். சாலையில் இல்லை. அலை வந்து முடிகிற இடத்தில், துணியோடு, இடுப்பளவு தண்ணீரில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறு யாரும் இல்லை என்று நினைத்து அவர் பேசினார். காற்றும் பொக்கையுமாக வந்த பேச்சு, பின்னால் நின்ற எனக்குப் பாதிதான் விளங்கியது. அத்தைதான் அப்புறம் சொன்னாள்.

"எத்தனை தடவை வந்திருக்கேன், ஒப்து. தண்ணி இவ்வளவு உப்புன்னு யாருமே எங்கிட்ட சொல்லலியே" என்றாராம்.

"நீ யாரைப் பேச விட்டே?" என்றாளாம் அத்தை. சொல்லிவிட்டு அவர் தலையில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துப் போட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் இருவருமே கடைசி வரிசை. மலை வளைவெல்லாம் போனது, அவருக்குத் தெரியாது. அத்தையின் தோளில் வாய் திறந்து தூங்கிக்கொண்டு வந்தார். போகும்போது ஓட்டிய அதே டிரைவர் பையன் மட்டும் நொடிக்கொரு தரம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தான். அவனுக்கு என்னவோ பயமாக இருந்திருக்க வேண்டும்.

லியோனில் பல் டாக்டர் அச்சு எடுத்து, "அடுத்த வாரமே தந்துடறேன்" என்றார். அத்தை கைப்பையைத் திறந்து மூடி, குரலைத் தாழ்த்தி, "அவசரப்படாதீங்க டாக்டர். வேலை நல்லா இருக்கணும், அவ்வளவுதான். எவ்வளவு நாளானாலும் நாங்க காத்திருப்போம்" என்றாள்.

டாக்டர் அப்படியே ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த மாதத்தில் மாமா வீட்டில் பாத்திரம் துலக்கினார், பூனைக்குப் பால் ஊற்றினார், நொயெமி சொன்ன ஒரு கதையை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். நான்கூட ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நீளமாகப் பேசினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பல்செட் வந்த அன்று அவரைக் கூட்டிவர நான்தான் காரில் போயிருந்தேன். டாக்டர் பொருத்தி முடித்து, கண்ணாடியை நீட்டி, ஏதாவது பேசிப் பாருங்கள் என்றார். மாமா பல்லை இரண்டு தரம் கடித்துப் பார்த்தார். நாக்கைச் சுழற்றினார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"மாப்ளே," என்றார், மணி அடித்தது போல. "வண்டியை ஏன் வெயில்ல நிறுத்தியிருக்கே?"